ரிஸ்வி சொல்லாத செய்தி

"எழும்பு" என்றான் றம்ஸி.

கணினி எழும்பவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தரம் சொன்னான். மூக்கால் சொன்னான். மூச்சு வாங்குகிறவனைப் போல இழுத்துச் சொல்லியும் பார்த்தான். கட்டிலுக்கு மேலே இரும்புக் கையில் தொங்கிய திரை கறுப்பாகவே கிடந்தது.

"என் பொண்டாட்டிக்கும் இதே வியாதிதான் மிஸ். என் குரல் மட்டும் காதுல ஏறாது."

ஷியாமளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மாத்தளை டவுனில் ஒரு புத்தகக் கடையின் மேல்மாடியில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டிய நாளிலிருந்து, எந்த வழக்கிலும் தொடக்கத்தில் அவளுக்கு ஒரே ஒரு பயம்தான். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டுவிடுவோமோ என்ற பயம். அதனால் எதையும் வரிசையாகத்தான் செய்வாள். றம்ஸி அவளுடைய உதவியாளன். அவர்கள் ஓடித் திரிவதும் அவனுடைய முச்சக்கர வண்டியில்தான். அவன் எதையும் வரிசையாகச் செய்வதில்லை.

"இப்ப நீங்க சொல்லுங்க" என்றாள், கட்டிலில் கிடந்தவனிடம்.

"எழும்பு" என்றான் ரிஸ்வி. மெல்லிய, காற்றுக் கலந்த குரல். திரை பளிச்சென்று விடிந்தது.

ரிஸ்வி அலுவிகாரையில் மிளகும் கறாம்பும் வாங்கி விற்கிற வியாபாரி. தம்புள்ளையில் ஒரு நாள் லொறியின் உச்சியிலிருந்து சறுக்கி விழுந்தான். அன்றோடு கழுத்துக்குக் கீழே உடம்பு அவன் சொல் கேட்பதை நிறுத்திவிட்டது. சொல் கேட்பதற்கு மிச்சமிருந்தது இந்தக் கணினிதான். காதோடு மாட்டிய மைக்கில் 'எழும்பு' என்றால் அது விழிக்கும். 'கட்டம்' என்றால் திரை இலக்கமிட்ட சதுரங்களாகப் பிரியும். எந்த இலக்கத்தைச் சொல்கிறானோ அந்த இடம் திறக்கும். சொல்லச் சொல்ல எழுதும். 'அனுப்பு' என்று இரண்டு தரம் சொன்னால் அனுப்பும். 'தூங்கு' என்றால் தூங்கும்.

கடையில் கிடைக்கிற மென்பொருளுக்குச் செய்தி வாசிக்கிறவர்களின் தமிழ்தான் விளங்கும். மாத்தளைப் பேச்சும், கறாம்பு, கொறக்கா, வசுவாசி என்ற சரக்குப் பெயர்களும், ரிஸ்வியின் மூச்சு முறிகிற இடங்களும் அதற்குப் பிடிபட வேண்டும். அதற்காக டவுனில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் கிஷாந்த், நோன்பு மாதத்தில் இந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அதைப் பழக்கினான். இனி இது இவருடைய குரலைத் தவிர வேறு எவருக்கும் மசியாது என்று சொல்லிவிட்டுப் போனான். வீட்டார் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்கள். இப்போது அந்தப் பெருமைதான் ரிஸ்வியின் கழுத்தைப் பிடித்திருந்தது.

முந்தாநாள் காலை இந்தக் கணினியிலிருந்து உக்குவளை பதுர்தீன் ஹாஜியாரின் போனுக்கு ஒரு செய்தி போயிருந்தது. ஹாஜியாரின் மகனுக்கும் ரிஸ்வியின் தங்கை றுஸ்னாவுக்கும் வருகிற ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். வாப்பா மௌத்தாகிவிட்ட வீட்டில் மூத்தவன்தான் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வலீ; அவன் வாயால் சம்மதம் வர வேண்டும். செய்தி சுருக்கமாக இருந்தது. 'றுஸ்னாவின் வலீயாகிய நான் இந்த நிக்காஹ்வுக்குச் சம்மதிக்கவில்லை. தயவுசெய்து வர வேண்டாம்.' அதற்குக் கீழே 'தீதீ தீதீ தீ நா நீ தா' என்று பொருளில்லாத எழுத்துகள் ஒரு வரிக்கு ஓடியிருந்தன.

நான் சொல்லவே இல்லை, மாத்திரை போட்டு உறங்கிக்கொண்டிருந்தேன் என்றான் ரிஸ்வி. ஒருவரும் நம்பவில்லை. மாத்திரை மயக்கத்தில் உளறியிருப்பான், அந்தக் கடைசி வரியைப் பார்த்தாலே தெரியவில்லையா, புத்தி தடுமாறுகிறது என்றார்கள். இன்று பின்னேரம் ஹாஜியார் நேரில் வருகிறார். அதற்குள் வேறு யார் சொன்னது என்று காட்ட முடியாவிட்டால் வலீ பொறுப்பு தம்பி ஹுஸ்னிக்குப் போகும். இயந்திரத்தைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தக் கட்டிலிலிருந்து வருகிற எந்தப் பேச்சுக்கும் வீட்டில் பெறுமதி இருக்காது.

"கை போச்சு, கால் போச்சு மிஸ்" என்றான் ரிஸ்வி. "இந்தக் குரல்தான் இருக்கு. இதுவும் என்னோடது இல்லன்னா பிறகு நான் எதுக்கு?"

சில நேரம் தனக்கே சந்தேகம் வருகிறது என்றும் சொன்னான். தூக்கத்தில் சொல்லியிருப்பேனோ? அதைச் சொல்லும்போது அவன் கண்கள் மனைவி ஜெஸீமாவின் பக்கம் போகவில்லை.

ஜெஸீமா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். ஷியாமளா கேட்டுக்கொண்டதும் அவளும் மைக்கில் சொல்லிப் பார்த்தாள். கணினி அசையவில்லை. ஹுஸ்னி தம்புள்ளைக்கு லோடு கொண்டு போயிருந்தான். வீட்டில் வேறு யார் என்று கேட்டபோது, உள்ளறைத் திரைச்சீலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, றுஸ்னா இருக்கிறாள், பாவம், கல்யாணப் பெண், இந்த அவமானத்தில் இரண்டு நாளாகச் சாப்பிடவும் இல்லை என்றாள். ஷியாமளா தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

"இந்தக் கடைசி வரிய இன்னொருக்கா வாசிங்க றம்ஸி."

றம்ஸி வாசித்தான். இரண்டாம் தரம் வாசிக்கும்போது அவன் தலை தானாக ஆடத் தொடங்கியது. மூன்றாம் தரம் அது வாசிப்பாக இல்லை, பாட்டாகிவிட்டது.

"மிஸ், இது பைத்தியம் இல்ல. சூன் பாண்."

மெட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் பாண், பணிஸ் என்று பேக்கரி ரொட்டி விற்கிற முச்சக்கர வண்டி. அந்த மெட்டு மைக்கில் விழுந்தால் கணினி அதையும் ஏதோ சொல்கிறார்கள் என்று எழுதிவிடும். கிஷாந்த் எவ்வளவு பாடுபட்டும் அந்த ஒன்றை மட்டும் மறக்கடிக்க முடியவில்லை என்றான் ரிஸ்வி. அதனால் தூரத்தில் கேட்கும்போதே 'தூங்கு' என்று சொல்லிவிடுவானாம்.

"நித்திரையிலயும் சொல்லுவாங்க" என்றாள் ஜெஸீமா, தன்னை அறியாமல். "மைக் காதுல இல்லாட்டியும் பாண்காரன் சத்தம் கேட்டா வாய் தூங்கும்பாங்க. நாங்க சிரிப்போம்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. கணவனைப் பார்த்தாள். மைக் அவன் காதில் இருந்திருந்தால், அந்தத் 'தூங்கு' கேட்டு அந்த வரி எழுதப்படும் முன்பே கணினி உறங்கியிருக்கும். முந்தாநாள் காலை பாண்காரன் வாசலில் நின்ற நேரத்தில் இந்த அறையில் பேசியது யாராக இருந்தாலும் அது ரிஸ்வி இல்லை.

"அன்னைக்கு வண்டி நிக்காமலே போகப் பார்த்திச்சு" என்று முணுமுணுத்தாள். "ஓட ஒருத்தரும் இல்ல, நான்தான் அடுப்ப விட்டுட்டு ஓடினேன். பாண் முடிஞ்சிச்சு. சீனி தூவின கிம்புலா பணிஸ் மட்டும்தான் கிடைச்சது."

ரிஸ்வி கண்களை மூடிக்கொண்டான். இமையோரம் ஈரமாக இருந்தது. நீர் காது வரை வழிந்தது. துடைக்க அவனால் முடியாது. ஜெஸீமா வந்து துடைத்துவிட்டாள்.

*

கிஷாந்தின் கடையில் பழைய கீபோர்டுகள் கருவாடு மாதிரி அடுக்கிக் கிடந்தன. இரண்டாவது குரல் ஒன்றுக்கு அந்தக் கணினி எப்படி மசியும் என்று ஷியாமளா கேட்டாள். மசியவே மசியாது என்றான். அதே கேள்வியை அவள் வேறு மாதிரிக் கேட்டாள். அதே பதிலை அவனும் வேறு மாதிரிச் சொன்னான்.

"தம்பி, அந்த மனுசன பைத்தியம்னு முடிவு கட்டப் போறாங்க" என்றான் றம்ஸி. "உங்க கடைப் பேரும் அந்தக் கதையோட சேர்ந்து ஊரெல்லாம் சுத்தும். சூன் பாண் மாதிரி."

கிஷாந்த் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

நோன்பு நேரம். ஒவ்வொரு கட்டளையையும் ஒவ்வொரு வாக்கியத்தையும் திரும்பத் திரும்பச் சொன்னால்தான் குரல் பதியும். ரிஸ்விக்கு நோன்பு பிடிக்க வேண்டிய கட்டாயமில்லை, படுத்த படுக்கை. ஆனாலும் அடம்பிடித்துப் பிடித்தான். பின்னேரமானதும் தொண்டை வறண்டு குரலே வரவில்லை, அப்படியே கண் அயர்ந்துவிட்டான். பாதிதான் முடிந்திருந்தது. கிஷாந்துக்கு அடுத்த நாள் தம்புள்ளையில் வேலை. அப்போதுதான் ஹுஸ்னி, அண்ணன் பேசினால் என்ன தம்பி பேசினால் என்ன, மீதியை நாங்கள் வாசித்துத் தருகிறோம் என்று மைக்கையும் வாக்கியம் ஓடுகிற போனையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனானாம்.

"அது தப்புன்னு தெரியும் அக்கா. ரெண்டு பேரையும் ஒரே ஆள்னு நினைச்சுக்கும். ஆனா வேலை நல்லாப் போச்சு. பிறகு எப்படிச் சொல்றது?"

வாசித்த ஆளைக் கண்ணால் பார்த்தாயா என்று கேட்டாள். திரைச்சீலை போட்டிருந்தது என்றான். குரல் மெதுவாக, மூச்சாக வந்தது. நோன்பு நேரத்தில் எல்லாருக்கும் அப்படித்தானே இருக்கும்? வாசித்து முடிந்த கையோடு ஹுஸ்னி வெளியே வந்து பள்ளிவாசல் கஞ்சி ஒரு கோப்பை நிறையக் கொடுத்ததையும் சொன்னான். கோப்பை விரலைச் சுட்டதாம். அப்படி ஒரு கஞ்சி அவன் வாழ்நாளில் குடித்ததில்லையாம்.

*

"முடிஞ்சிச்சு மிஸ்" என்றான் றம்ஸி, அலுவிகாரைப் பக்கம் வண்டியைத் திருப்பியபடி. "ஹுஸ்னிதான். ஹாஜியாரோட ஆக்கள் மிளகு வியாபாரத்துல இவங்களுக்குப் போட்டி. சம்பந்தத்த உடைக்கணும், அதோட வலீ பதவியும் கைக்கு வரும். ஒரே கல்யாணத்துல ரெண்டு லாபம்."

எல்லாம் பொருந்தியது. பொருந்தியதுதான் ஷியாமளாவைத் தொந்தரவு செய்தது. ஹாஜியார் முன்னால் ஹுஸ்னியின் பெயரைச் சொன்ன பிறகு தப்பாகிப் போனால், உடைந்த குடும்பத்தை ஒட்ட வைக்க அவளால் முடியாது.

றம்ஸி பசியில் கஞ்சிப் பேச்சுக்குத் தாவியிருந்தான். நோன்பில் பள்ளிக் கஞ்சி எடுக்கப் போனால் சும்மாவா? பின்னேரம் அஸர் தொழுததும் வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். அண்டாவைத் திறக்கும் வரை நிற்க வேண்டும். முன்னால் நிற்கிறவன் மாமியார் வீட்டுக்கும் சேர்த்து இரண்டு வாளி நீட்டுவான். றம்ஸி நின்ற வரிசைகளில் ஒரு வீடே கட்டி முடித்திருக்கலாம்.

"றம்ஸி. கோப்பை சுட்டுச்சுன்னான் கிஷாந்த்."

"சுடத்தான் செய்யும். அண்டாவிலருந்து நேரா..."

வண்டி தானாகவே மெதுவாயிற்று.

வாசித்து முடிந்த கையோடு சுடச்சுடக் கஞ்சி கொடுத்தவன், வாசித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் வரிசையில் நின்றிருக்கிறான். மைக்கோடு திரைச்சீலைக்குள் நுழைந்தவன் அதைக் கையில் வைத்திருக்கவில்லை. யாரிடமோ கொடுத்துவிட்டுப் பின்பக்கத்தால் வாளியோடு போய்விட்டான்.

ஷியாமளா காலையிலிருந்து நடந்ததை மறுபடியும் வரிசையாக எடுத்துப் பார்த்தாள். றம்ஸி சொல்லிப் பார்த்தான். ஜெஸீமா சொல்லிப் பார்த்தாள். ஹுஸ்னி ஊரில் இல்லை. வரிசை அங்கே முடிந்துவிட்டதாக அவள் நினைத்திருந்தாள். கல்யாணப் பெண் என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் தலையாட்டிவிட்டுத் தாண்டிப் போயிருந்தாள். அந்த வீட்டில் எல்லாரும் தாண்டிப் போனதைப் போலவே.

*

வாசலில் ஹாஜியாரின் கார் நின்றது. லொறியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஹுஸ்னியிடம் ஷியாமளா ஒன்றே ஒன்று கேட்டாள்: நோன்பில் இந்த வீட்டுக்குக் கஞ்சி எடுக்கப் போவது யார்? வாப்பா மௌத்தான நாளிலிருந்து நான்தான், ஏன் என்றான். அவள் பதில் சொல்லாமல் பின்பக்கமாகக் குசினிக்குப் போனாள்.

றுஸ்னா தேத்தண்ணி வடித்துக்கொண்டிருந்தாள். மெலிந்த பெண், முக்காட்டின் ஓரத்தைப் பல்லால் கடித்திருந்தாள்.

"எப்பவும் பாண் வாங்க ஓடுறது நீங்கதானே? முந்தாநாள் ஏன் போகல்ல?"

தேத்தண்ணி கோப்பைக்கு வெளியே வழிந்தது. அவள் அதைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

அழவில்லை. சொல்லிவிட்டாள், தாழ்ந்த குரலில். வெளி ஆண் ஒருவன் கூடத்தில் இருக்கிறான், மெதுவாக வாசி என்று ஹுஸ்னி மைக்கைக் கையில் திணித்துவிட்டுப் போனதையும், அண்ணன் ரிஸ்வி நானாவைப் போலவே மூச்சை விட்டு விட்டு வாசித்ததையும் சொன்னாள். அந்த வாக்கியங்களை வாசித்தபோது, தன் குரலை ஒன்று இவ்வளவு கவனமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று தோன்றியதாம். முந்தாநாள் அண்ணன் உறங்கியதும் மைக்கை எடுத்து, அதே குரலில் செய்தியைச் சொல்லி அனுப்பினாள்.

மாப்பிள்ளை நல்லவர்தான். பெண் பார்க்க வந்த அன்று இந்தத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்று ஜெஸீமாவிடம் ஒரு யோசனை சொன்னார். கல்யாண நாளில் ரிஸ்வி நானாவைப் பின்னறைக்கு மாற்றிவிட்டால் நல்லது, வருகிறவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும் என்று. திரைச்சீலைக்குள் நின்ற றுஸ்னா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மதினி ஜெஸீமாவிடம் முறையிட்டபோது, ஆண்கள் அப்படித்தான் பேசுவார்கள், பெரிதாக எடுக்காதே என்றாளாம்.

"நானாக்கிட்ட எனக்கு வேணாம்னு சொன்னேன் மிஸ். வெக்கப்படுறேன்னு சிரிச்சாங்க. ஏன்னு என்னால சொல்ல முடியுமா? அவங்களுக்கு எப்படி இருக்கும்? பிறகு எல்லாரையும் வச்சுக் கேட்டாங்க. நான் பேசாம நின்னேன். சரி, புள்ளைக்குச் சம்மதம்னு துஆ ஓதிட்டாங்க."

பேசாமல் நின்றால் ஒன்றும் செய்யாது, சொன்னால் மட்டும் கேட்கும். அந்த வீட்டில் அப்படி இருந்தது அந்தக் கணினி மட்டும்தான்.

"நானாவ பைத்தியம்னுவாங்கன்னு நான் நினைக்கல்ல" என்றாள் றுஸ்னா. "நானே சொல்லிடுறேன். ஆனா அந்தப் பின்னறைக் கதைய மட்டும் சொல்லாதீங்க."

சொன்னால் ஹாஜியார் முன்னால் இந்தப் பெண் அவமானப்பட வேண்டும். சொல்லாவிட்டால் கட்டிலில் கிடக்கிறவன் மிச்சமிருந்த ஒன்றையும் இழக்க வேண்டும். ஷியாமளா முன்னறைக்கு நடந்தபோது முடிவு எதுவும் கையில் இருக்கவில்லை.

*

பதுர்தீன் ஹாஜியார் கட்டிலருகே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், கோபத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். சுகமில்லாதவர் ஏதோ சொல்லிவிட்டார், அல்லாஹ் மன்னிப்பவன், நடந்ததை மறந்துவிடுவோம் என்றார். ரிஸ்வியின் பார்வை வாசலில் நின்ற ஷியாமளாவின் மேல் இருந்தது.

"மிஸ் சொல்லுவாங்க ஹாஜியார். யாருன்னு கண்டுபிடிச்சுத்தான் வந்திருக்காங்க."

"அது யாரா இருந்தா என்ன வாப்பா?" ஹாஜியார் அவன் நெற்றியில் கை வைத்தார். "ஞாயித்துக்கிழமை உங்களச் சிரமப்படுத்த மாட்டோம். ஹுஸ்னி வலீயா நிக்கட்டும். நீங்க பின்னறையில ஆறுதலா இருங்க. வாறவங்க பார்த்தா மனசு கஷ்டப்படுவாங்க பாருங்க. மகனும் முதல்லயே அதத்தான் சொன்னான்."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். உள்ளே எங்கேயோ ஒரு கோப்பை தட்டத்தில் உரசியது. திரைச்சீலை அசைந்து நின்றது.

ரிஸ்வி கூரையைப் பார்த்தான். பிறகு கேட்டான், மெதுவாக:

"சொல்லுங்க மிஸ். யாரு?"

"நீங்கதான் எனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றாள் ஷியாமளா. "நோன்புல கிஷாந்த் வந்தப்ப பாதியில தூங்கிட்டீங்க. மீதிய உங்களுக்காக யாரோ வாசிச்சிருக்காங்க. ஹுஸ்னி இல்ல, அவர் கஞ்சி எடுக்கப் போயிருந்தார். வேற யாரு?"

ரிஸ்வியின் கண்கள் கூரையிலிருந்து இறங்கின, ஜெஸீமாவைத் தொட்டன, அவளைத் தாண்டித் திரைச்சீலைக்குப் போய் அங்கேயே நின்றன. உடம்பில் அசையக்கூடியது முகம் மட்டுமே உள்ள ஒருவனின் முகத்தில், தங்கையைப் பார்த்துச் சிரித்த ஒரு சிரிப்பை நினைத்துப் பார்த்து வெட்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை ஷியாமளா அன்று பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"ஹாஜியார்" என்றான். "அந்தச் செய்தி என்னோடதுதான்."

சொல்லவே இல்லை என்று சத்தியம் செய்தீர்களே என்று ஹாஜியார் கேட்டார். அப்போது எனக்கு விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது என்றான். கடைசி வரி என்ன என்று கேட்டார். அது பாண்காரன் என்றான்.

"புத்தி நல்லாத்தான் இருக்கு ஹாஜியார். வலீ நான்தான். எனக்குச் சம்மதம் இல்ல."

ஹாஜியார் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். சலாம் சொன்னார், அவ்வளவுதான். கார் வீதியில் ஏறும் வரை கூடவே நடந்து, கதவைப் பிடித்துக்கொண்டு ஏதோ மன்றாடினான் ஹுஸ்னி. திரும்பி வந்தவன் அண்ணனின் அறைக்குள் காலே வைக்கவில்லை. வழக்கு முடிந்துவிட்டது; நான் சொல்லவில்லை என்று காட்டுங்கள் என்று அழைத்தவன், நான்தான் சொன்னேன் என்று முடித்துவிட்டான். ஊர் இனி அவனைப் பற்றி என்ன சொல்லும் என்பது ஷியாமளாவுக்குத் தெரிந்தேயிருந்தது.

ஜெஸீமா சுவரோரம் போனாள். எல்லாம் இந்தச் சனியனால் வந்தது என்று சொல்லிக்கொண்டே கணினியின் சுவிட்சில் கையை வைத்தாள். ரிஸ்வி தடுக்கவில்லை, தடுக்க அவனிடம் கை இல்லை. கிஷாந்தைக் கூப்பிட்டு இனி ஒரு குரல் மட்டும் இருக்கும்படி மறுபடியும் பழக்கச் சொல்லவா என்று ஷியாமளா கேட்டாள்.

ஒழுங்கைக் கோடியில் பாண் வண்டியின் மெட்டுக் கேட்டது.

மைக் அவன் காதோரத்தில்தான் இருந்தது. திரை விழித்திருந்தது. மெட்டு நெருங்க நெருங்க, தீதீ தீதீ என்று எழுத்துகள் ஓடத் தொடங்கின. தூக்கத்திலும் தவறாத அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு திரைச்சீலையையே பார்த்தான்.

றுஸ்னா வெளியே வந்தாள். கட்டிலருகே குனிந்து, மைக்கில் மெல்ல, மூச்சாகச் சொன்னாள்.

"தூங்கு."

திரை இருண்டது.

ஜெஸீமாவின் கை சுவிட்சிலேயே இருந்தது. திரையைப் பார்த்தாள். றுஸ்னாவைப் பார்த்தாள். அவள் முகம் எதை நினைத்துப் பார்த்தது என்று ஷியாமளாவால் சொல்ல முடியவில்லை. வெளியே மெட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஜெஸீமா கையை மெல்ல எடுத்தாள், முக்காட்டைச் சரிசெய்தாள், படியிறங்கினாள்.

அன்றைக்கும் பாண் வாங்க ஓடியது அவள்தான்.